புதன் காட்டிய ஒரே முகம்

"பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது" என்று ஒரு பழமொழி உண்டு. நல்ல காரியம் எதையும் புதன்கிழமை தொடங்கச் சொல்லும் வீட்டுப் பெரியவர்கள் இதைத்தான் எடுத்து விடுவார்கள். இதற்கு இன்னொரு விளக்கமும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பொன் என்பது வியாழன் கிரகமாம். வியாழனை வானத்தில் யார் வேண்டுமானாலும் பார்த்துவிடலாம், புதனைப் பார்ப்பதுதான் கஷ்டம் என்று அர்த்தமாம். பழமொழியை உண்டாக்கியவர் கிழமையை நினைத்தாரோ கிரகத்தை நினைத்தாரோ, இந்த இரண்டாவது விளக்கம் வானியல்படி நூற்றுக்கு நூறு சரி.

காரணம் எளிது. சூரியனுக்கு மிகப் பக்கத்தில் சுற்றும் கிரகம் புதன். அதனால் பூமியிலிருந்து பார்க்கும்போது அது சூரியனை விட்டு அதிகம் விலகவே விலகாது. ஒவ்வொரு முறையும் அதன் உச்ச விலகல் 18 டிகிரிக்கும் 28 டிகிரிக்கும் நடுவில்தான் இருக்கும். கையை நேராக நீட்டி வானத்தில் ஒரு சாண் அளந்தால் கிட்டத்தட்ட 20 டிகிரி வரும். அதாவது புதன் சூரியனிடமிருந்து ஒரு சாண், மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சாண் தள்ளி நிற்கும். அவ்வளவுதான். ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடியில் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு புதனைத் தேடினால் கிடைக்காது. சூரியன் மறைந்த கையோடு மேற்கே பார்க்க வேண்டும், இல்லையென்றால் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன் கிழக்கே பார்க்க வேண்டும். அதுவும் வருடத்தில் சில வாரங்கள்தான்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சலுகை உண்டு. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே கிரகங்களின் பாதை அடிவானத்திலிருந்து செங்குத்தாக எழும்பி நிற்கும். சூரியன் மறைந்த பிறகும் புதன் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். வட ஐரோப்பாவில் அந்தப் பாதை பெரும்பாலும் படுத்துக் கிடக்கும். புதன் அடிவானப் புகையிலும் பனியிலும் மூழ்கியே இருக்கும். கோப்பர்நிகஸ் சாகும்வரை புதனைப் பார்த்ததே இல்லை என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை எப்படியோ, அவர் 1543-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் விஸ்துலா நதியின் மூடுபனியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டது உண்மை. புதனுக்கான கணக்குகளுக்கு அவர் நியூரம்பர்க்கில் மற்றவர்கள் எடுத்து வைத்திருந்த அளவுகளைத்தான் கடன் வாங்கினார். சூரியனை நடுவில் வைத்த மனிதருக்கே சூரியனின் பக்கத்து வீட்டுக்காரனைப் பார்க்க இவ்வளவு பாடு!

பார்ப்பதே இப்படியென்றால், அது தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகிறது என்று கண்டுபிடிப்பது எப்படியிருக்கும்? இந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்களைப் பாருங்கள். 1800 வாக்கில் 24 மணி நேரம் என்றார்கள். 1889-ல் 88 நாள் என்றார்கள். 1965-ல் 59 நாள் என்றார்கள். முதல் இரண்டும் தவறு. ஆனால் அந்தத் தவறுகளைச் செய்தவர்கள் கத்துக்குட்டிகள் இல்லை, அந்தந்தக் காலத்தின் மிகச் சிறந்த கண்கள். இரண்டாவது தவறு 76 வருடம் பாடப்புத்தகங்களில் உட்கார்ந்திருந்தது. எப்படி இது நடந்தது என்பதுதான் இந்தக் கதை.

புதனிடம் ஏமாந்தவர்களில் கெப்ளர் முக்கியமானவர். புதன் சில வேளைகளில் பூமிக்கும் சூரியனுக்கும் சரியாக நடுவில் வரும். அப்போது சூரிய வட்டத்தின் மேல் ஒரு கரும்புள்ளி மெல்ல ஊர்ந்து போவதைப் பார்க்கலாம். 1607-ல் பிராக் நகரத்தில் கூரை இடுக்கு வழியாக விழுந்த சூரிய பிம்பத்தில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்துவிட்டுப் புதனைப் பிடித்துவிட்டேன் என்று குதித்தார் கெப்ளர். 1609-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். அடுத்த ஓரிரு வருடங்களில் தொலைநோக்கி வந்தது, சூரியனில் இயல்பாகவே கரும்புள்ளிகள் உண்டு என்று தெரிந்தது. கெப்ளர் பார்த்தது அதில் ஒன்று. பாவம், தவறை ஒப்புக்கொண்டார்.

இதற்கு நேர் எதிராக நடந்தது 1631 நவம்பர் 7 அன்று. கெப்ளரே முன்கூட்டிக் கணித்துச் சொன்ன உண்மையான புதன் கடப்பு அது. (கெப்ளர் அதற்கு முந்தைய வருடமே இறந்துபோயிருந்தார்.) பாரிஸில் கஸாண்டி என்பவர் இருட்டறையில் தொலைநோக்கி வழியாகச் சூரிய பிம்பத்தைக் காகிதத்தில் விழவைத்துக் காத்திருந்தார். ஒரு பொட்டு வந்தது. அவர் அதை நம்பவில்லை. புதன் இவ்வளவு சின்னதாக இருக்காது, இது வெறும் சூரியப்புள்ளிதான் என்று நினைத்தார். அது நகர்ந்த வேகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது, அதுதான் புதன்! ஒருவர் புள்ளியைப் புதன் என்றார், இன்னொருவர் புதனைப் புள்ளி என்றார். இரண்டு பேருமே கண்ணால் பார்த்ததை எழுதவில்லை, மனதில் எதிர்பார்த்ததை எழுதினார்கள். வித்தியாசம் என்னவென்றால் கஸாண்டி அன்று சாயங்காலத்துக்குள் திருந்திவிட்டார்.

(இந்தியாவுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஜெரமையா ஷேக்கர்லி என்ற ஆங்கிலேய இளைஞர் 1651-ல் நடக்கப்போகும் புதன் கடப்பைத் தானே கணித்து, அது சூரத்தில் தெரியும் என்பதால் அங்கிருந்தே பார்த்தார். அடுத்து இந்தியாவில் தெரியப்போகும் புதன் கடப்பு 2032 நவம்பர் 13 அன்று, மதியத்திலிருந்து மாலைக்குள். சரியான வடிகட்டி இல்லாமல் யாரும் சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.)

சரி, சுழற்சிக்கு வருவோம்.

ஜெர்மனியில் பிரெமன் நகரத்துக்குப் பக்கத்தில் லிலியந்தால் என்று ஓர் ஊர். அங்கே அரசு நிர்வாகியாக இருந்த யோஹான் ஷ்ரோட்டர் என்பவருக்கு வானியல் என்றால் உயிர். அந்தக் காலத்து ஐரோப்பியக் கண்டத்தின் பெரிய தொலைநோக்கிகள் சிலவற்றைத் தன் சொந்த வானாய்வகத்தில் வைத்திருந்தார். 1800-ஐ ஒட்டிய வருடங்களில் அவரும் அவருடைய உதவியாளர் ஹார்டிங்கும் புதனைத் தொடர்ந்து பார்த்தார்கள். பிறை வடிவப் புதனின் தெற்கு முனை மட்டும் மழுங்கினாற்போல் தெரிந்தது. அங்கே 20 கிலோமீட்டர் உயரமுள்ள மலை இருப்பதாகவும், அதன் நிழல்தான் முனையை மறைப்பதாகவும் ஷ்ரோட்டர் கணக்குப் போட்டார். எவரெஸ்ட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்! மழுங்கிய முனை மறுநாள் மாலையும் ஏறக்குறைய அதே நேரத்தில் அப்படியே தெரிந்தது. ஆகவே புதனின் சுழற்சி 24 மணி நேரமும் சில நிமிடங்களும் என்றார். பின்னாளில் மாபெரும் வானியலாளராகப் புகழ் பெற்ற பெஸ்ஸல் அப்போது இளைஞர். அவரும் இந்தப் படங்களை வைத்து 24 மணி நேரம் 53 விநாடி என்று திருத்திக் கொடுத்தார். விநாடி சுத்தமான தவறு!

இதில் ஓட்டை எங்கே? ஷ்ரோட்டர் புதனை எப்போது பார்த்தார்? தினமும் மாலையில், சூரியன் மறைந்த பிறகு. வேறு வழியும் இல்லை. தினமும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்ப்பவனுக்கு, ரொம்ப மெதுவாகச் சுற்றும் பொருள் அசையாதது மாதிரிதான் தெரியும். அசையாத ஒன்றைத் தினம் ஒரே நேரத்தில் பார்த்துவிட்டு, "சரியாக ஒரு நாளில் ஒரு சுற்று சுற்றி அதே இடத்துக்கு வந்துவிட்டது" என்றும் சொல்லலாம் அல்லவா? சினிமாவில் ஓடும் வண்டியின் சக்கரம் சில சமயம் நின்றுபோனது போலத் தெரியுமே, அதே விஷயம்தான். கேமரா எந்த இடைவெளியில் படம் எடுக்கிறதோ அதுதான் சக்கரத்தின் வேகத்தைத் தீர்மானிக்கிறது, நம் கண்ணுக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இந்தக் கதையில் இன்னும் இரண்டு முறை வரும்.

ஷ்ரோட்டரின் முடிவு பரிதாபமானது. 1813-ல் பிரெஞ்சுப் படைகள் லிலியந்தாலுக்குத் தீ வைத்தன, வானாய்வகமும் சூறையாடப்பட்டது. மூன்று வருடத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார். ஆனால் அவருடைய 24 மணி நேரம் இன்னும் எழுபது வருடம் புத்தகங்களில் வாழ்ந்தது.

அதை உடைத்தவர் ஜோவான்னி ஸ்கியாபரெல்லி. செவ்வாய் கிரகத்தில் கோடுகள் இருப்பதாகச் சொன்னவர் என்றால் பலருக்கு ஞாபகம் வரும். 1877-ல் அவர் செவ்வாயில் பார்த்த கோடுகளை மற்றவர்கள் "கால்வாய்" என்று மொழிபெயர்த்து, அங்கே மனிதர்கள் விவசாயம் செய்கிறார்கள் என்ற அளவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பெயரால் இவரைக் கற்பனைக்காரர் என்று நினைத்துவிடக் கூடாது. மிலான் நகரத்து பிரெரா வானாய்வகத்தில் மனிதர் ஒரு துறவி மாதிரி வேலை பார்த்தார். நரம்பைப் பாதிக்கும் எதுவும் கண்ணையும் பாதிக்கும் என்று மதுவைத் தொடமாட்டார். காபி அதிகமானால் கண்டது கெட்டுவிடும் என்று அதையும் கட்டுப்படுத்தினார். (ஓர் இத்தாலியர் காபியைக் குறைப்பதென்றால் எவ்வளவு பெரிய தியாகம் என்று கும்பகோணத்துக்காரர்களுக்குப் புரியும்.)

1880-களின் தொடக்கத்தில் அவர் புதன் பக்கம் திரும்பினார். அவருடைய முதல் கெட்டிக்காரத்தனம், ஷ்ரோட்டரின் ஓட்டையைக் கண்டுபிடித்தது. மாலை வேளையில் அடிவானத்துக் கலங்கல் காற்று வழியாகப் பார்ப்பதை விட்டுவிட்டார். பட்டப்பகலில், சூரியன் உச்சியில் இருக்கும்போது, பக்கத்திலேயே இருக்கும் புதனைத் தொலைநோக்கியில் தேடிப் பிடித்தார். கொஞ்சம் பிசகினால் சூரியனே குழாய்க்குள் வந்து கண்ணைப் பறித்துவிடும் வேலை இது. பலனாக, ஒரே நாளில் மணிக்கணக்காகப் புதனைத் தொடர்ந்து பார்க்க முடிந்தது. காலையில் பார்த்த அடையாளங்கள் சில மணி நேரம் கழித்தும் நகரவில்லை. 24 மணி நேரச் சுழற்சி உண்மையென்றால் அவை கிரகத்தின் குறுக்கே ஓடியிருக்க வேண்டும். ஆகவே ஷ்ரோட்டர் சொன்னது தவறு, புதன் மிக மெதுவாகச் சுற்றுகிறது. இதுவரை ஸ்கியாபரெல்லி சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி.

அடுத்த படியில்தான் சறுக்கல். எவ்வளவு மெதுவாக? அவர் பார்த்தது என்ன என்பதையும் யோசிக்க வேண்டும். சுமார் முக்கால் கிலோமீட்டர் தள்ளி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அதில் பாதியைக் கறுப்பு மையால் மறைத்து, மீதிப் பாதியில் இருக்கும் மங்கலான அழுக்குகளை வரையச் சொன்னால் எப்படியிருக்கும்? அதுதான் புதனின் படம். வெளிர் மஞ்சளில் வெளிர் பழுப்பு நிறத் தீற்றல்கள். அவற்றை அவர் ஏழு வருடம், நூற்றுக்கணக்கான முறை பார்த்தார். ஒவ்வொரு நல்ல பருவத்திலும் அதே தீற்றல்கள் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தன.

அதே காலத்தில் ஒரு புதிய கோட்பாடும் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. நிலா பூமிக்கு ஏன் ஒரே முகத்தைக் காட்டுகிறது என்பதற்கான விளக்கம் அது. பூமியின் ஈர்ப்பு நிலாவின் உடம்பை இழுத்து இழுத்து, அதன் சுழற்சிக்குப் பிரேக் போட்டு, சுற்றிவரும் காலமும் சுழலும் காலமும் ஒன்றாகும்வரை மெதுவாக்கிவிட்டது. ஜார்ஜ் டார்வின் (ஆமாம், பரிணாம டார்வினின் மகன்தான்) 1879 முதல் இந்த அலை உராய்வைக் கணக்குப் போட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிலாவுக்கு நடந்தது சூரியனுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கும் புதனுக்கும் நடந்திருக்க வேண்டும் இல்லையா? புதன் சூரியனைச் சுற்ற 88 நாள். ஆகவே சுழற்சியும் 88 நாள்.

கண்ணால் பார்த்ததும் கோட்பாடும் கைகுலுக்கிக்கொண்டன. 1889 டிசம்பரில் ரோமில் இத்தாலிய அரசர், அரசி முன்னிலையில் ஸ்கியாபரெல்லி முடிவை அறிவித்தார். புதனின் ஒரு பாதியில் என்றென்றைக்கும் பகல், மறு பாதியில் என்றென்றைக்கும் இரவு.

இங்கேதான் புதன் இரண்டாவது முறையாக ஏமாற்றியது. கணக்கு ரொம்பச் சின்னது, கால்குலேட்டர் கூட வேண்டாம். பூமியிலிருந்து பார்க்கும்போது புதன் சுமார் 116 நாளுக்கு ஒருமுறை அதே நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் ஐரோப்பாவில் எல்லா முறையும் நன்றாகத் தெரியாது. வசந்த கால மாலைகள் நல்லவை, இலையுதிர் கால விடியல்கள் நல்லவை, மற்றவை தேறாது. ஆகவே ஒரு நல்ல மாலைப் பருவத்துக்கும் அடுத்த நல்ல மாலைப் பருவத்துக்கும் இடைவெளி மூன்று 116, அதாவது 348 நாள். இப்போது புதனின் உண்மையான சுழற்சிக் காலத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 58.65 நாள். ஆறு சுற்றுக்கு 352 நாள். தவறான 88 நாளை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சுற்றுக்கு அதே 352 நாள்! 348-க்கும் 352-க்கும் வித்தியாசம் நாலே நாள். அதாவது வருடா வருடம் வசந்தத்தில் எட்டிப் பார்ப்பவருக்குப் புதன் 88 நாளில் சுழன்றாலும் சரி, 58.65 நாளில் சுழன்றாலும் சரி, ஏறக்குறைய ஒரே முகத்தைத்தான் காட்டும். ஷ்ரோட்டர் தினமும் ஒரே நேரத்தில் பார்த்தார். அந்தத் தவறைக் கண்டுபிடித்துத் திருத்திய ஸ்கியாபரெல்லி வருடமும் ஒரே பருவத்தில் பார்த்தார்.

ஆனால் அந்த நாலு நாள் வித்தியாசம் வருடத்துக்கு வருடம் சேர்ந்துகொண்டே போகுமே, அப்போது தீற்றல்கள் இடம் மாறித் தெரிந்திருக்க வேண்டுமே என்று கேட்டால், சரியான கேள்வி. தெரியத்தான் செய்தன. இருக்க வேண்டிய அடையாளம் சில நாட்களில் காணாமல் போனது, சில நாட்களில் மங்கியது. அதற்கு ஸ்கியாபரெல்லி வைத்த பெயர்: புதனின் காற்றுமண்டலத்தில் வரும் மூட்டம். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகவில்லையென்றால் வித்தியாசத்தைத் தூக்கி சஸ்பென்ஸ் அக்கவுண்டில் போட்டுவிட்டு மேலே போவோம் அல்லவா? பிழையைக் கண்டுபிடித்ததும் அதை மூடிவிட வேண்டும் என்பது விதி. புதனின் மேகங்கள் ஒரு சஸ்பென்ஸ் அக்கவுண்ட். அதை மூட 76 வருடமாக யாருக்கும் தோன்றவில்லை.

தோன்றாதது மட்டுமில்லை, அந்தக் கணக்கில் மேலும் மேலும் எழுதினார்கள். யூஜின் அண்டோனியாடி என்ற கிரேக்கர், கான்ஸ்டான்டிநோப்பிளில் பிறந்து பிரான்ஸில் குடியேறியவர். செவ்வாய்க் கால்வாய்கள் வெறும் கண்மயக்கம் என்று அடித்துச் சொன்னவர்களில் முதன்மையானவர். மற்றவர்களின் கற்பனையைக் கண்டுபிடிப்பதில் மன்னன் என்றே சொல்லலாம். பாரிஸுக்குப் பக்கத்தில் மூடோன் வானாய்வகத்தின் 83 சென்டிமீட்டர் தொலைநோக்கியை வைத்து 1924 முதல் 1929 வரை புதனைப் பார்த்தார். 1934-ல் புத்தகம் போட்டார். முடிவு: 88 நாள் சரியே. இடையிடையே மறையும் அடையாளங்களுக்குக் காரணம் புழுதி மேகங்கள், அவை செவ்வாயில் இருப்பதைவிட அதிகம்! புதனில் சொல்லிக்கொள்ளும்படி காற்றே கிடையாது என்று இன்றைக்குத் தெரியும். இல்லாத காற்றில் இல்லாத புழுதி. செவ்வாயில் ஸ்கியாபரெல்லியை மறுத்த அதே மனிதர் புதனில் ஸ்கியாபரெல்லியை வழிமொழிந்தார். அவர் கையில் ஸ்கியாபரெல்லியின் வரைபடம் இருந்தது, எங்கே எதைத் தேட வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தது. இதில் அவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அவருக்குப் பிறகு பிரான்ஸின் பிக் டு மிடி மலை உச்சியில் புகைப்படமும் எடுத்துப் பார்த்தவர்களும் 88 நாளையே உறுதி செய்தார்கள்.

உறைந்த இரவு, எரியும் பகல், நடுவில் மனிதன் வசிக்கத் தோதான ஒரு மங்கல் வளையம் என்று அறிவியல் கதை எழுதுபவர்களுக்கும் இது கொண்டாட்டமாக இருந்தது. லாரி நிவன் என்ற அமெரிக்க எழுத்தாளரின் முதல் கதை 1964 டிசம்பர் மாதப் பத்திரிகை ஒன்றில் வெளியானது. சூரியக் குடும்பத்தின் மிகக் குளிர்ந்த இடம் எது என்பதுதான் கதையின் முடிச்சு. விடை: புதனின் நிரந்தர இரவுப் பக்கம். கதை அச்சாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும், நிரந்தர இரவே காலி. முதல் கதைக்கே இப்படி ஒரு கதி!

முதல் விரிசல் அதற்கும் முன்பே விழுந்திருந்தது. 1962-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ரேடியோ வானியலாளர்கள் புதனிலிருந்து வரும் ரேடியோ அலைகளை அளந்தார்கள். சூடான பொருள் அதிகமாக ரேடியோ அலையை வெளியிடும், குளிர்ந்தது குறைவாக வெளியிடும். கோடிக்கணக்கான வருடமாகச் சூரியனையே பார்க்காத பக்கம் கிட்டத்தட்டப் பரம பூஜ்ஜியத்தில் உறைந்திருக்க வேண்டும். ஆனால் இருட்டுப் பக்கம் அவ்வளவு குளிர்ச்சியாக இல்லை. அப்போதாவது 88 நாள் தவறாக இருக்குமோ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புதனுக்கு மெல்லிய காற்றுமண்டலம் இருந்து, அது பகல் பக்கத்துச் சூட்டை இரவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகலாம் என்று விளக்கம் தந்தார்கள். சஸ்பென்ஸ் அக்கவுண்டில் இன்னொரு பதிவு.

கடைசியில் கணக்கை மூடியது கண் இல்லை, ராடார். போர்ட்டோ ரிகோ தீவின் அரெசிபோவில் மலைகளுக்கு நடுவே இருந்த இயற்கைப் பள்ளத்தில் 305 மீட்டர் அகலமுள்ள ஒரு பிரம்மாண்டத் தட்டை 1963-ல் கட்டி முடித்திருந்தார்கள். (இந்தத் தட்டு 2020 டிசம்பர் 1 அன்று இடிந்து விழுந்தது.) 1965 ஏப்ரலில் புதன் பூமிக்குப் பக்கத்தில் வந்தபோது கார்டன் பெட்டன்கில், ரோல்ஃப் டைஸ் என்ற இருவர் அங்கிருந்து புதனை நோக்கி ரேடியோ துடிப்புகளை அனுப்பினார்கள். போய் மோதித் திரும்பி வரச் சுமார் பத்து நிமிடம். சுழலும் உருண்டையில் ஒரு விளிம்பு நம்மை நோக்கி வரும், மறு விளிம்பு விலகிப் போகும். வரும் விளிம்பில் பட்ட அலையின் அதிர்வெண் கொஞ்சம் கூடும், போகும் விளிம்பில் பட்டது கொஞ்சம் குறையும். ரயில் நம்மைக் கடக்கும்போது ஹாரன் சத்தம் மாறுவது போலத்தான். எதிரொலி எவ்வளவு அகலமாக விரிகிறது என்று பார்த்தால் உருண்டை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்று தெரிந்துவிடும். அடையாளம் தேவையில்லை, பகல் தேவையில்லை, நல்ல பருவம் தேவையில்லை, வரைபவரின் மனதில் என்ன இருக்கிறது என்ற கவலையும் இல்லை.

கிடைத்த விடை 59 நாள், ஐந்து நாள் முன்னே பின்னே. 88 அதற்குள் எங்கேயும் அடங்காது.

59 என்ற எண்ணைப் பார்த்தவுடன் நிமிர்ந்து உட்கார்ந்தவர் கியுசெப்பே கொலம்போ. பெபி என்பது செல்லப்பெயர். (பக்கத்து நாட்டுக் கொழும்புக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை, இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்.) 88-ல் மூன்றில் இரண்டு பங்கு 58.65. அப்படியானால் புதன் சூரியனை இரண்டு முறை சுற்றுவதற்குள் தன்னைத்தானே சரியாக மூன்று முறை சுழல்கிறது! இது தற்செயல் இல்லை என்றும் விளக்கினார்கள். புதனின் பாதை நல்ல நீள்வட்டம். சூரியனிடம் 4 கோடியே 60 லட்சம் கிலோமீட்டர் வரை நெருங்கும், பிறகு 7 கோடி வரை விலகும். நெருங்கும்போது ஈர்ப்பின் பிடி மிக பலமாக இருக்கும், அதே நேரத்தில் புதனின் ஓட்டமும் வேகமாக இருக்கும். அந்தக் கொஞ்ச நாட்களுக்குச் சுற்றும் வேகமும் சுழலும் வேகமும் ஏறக்குறைய சமமாகிவிடும். டார்வின் மகனின் பிரேக் உண்மையாகவே வேலை செய்திருக்கிறது, ஆனால் வண்டி எல்லோரும் நினைத்த ஸ்டாப்புக்கு ஒரு ஸ்டாப் முன்னாலேயே நின்றுவிட்டது.

இதன் விளைவுகள் வேடிக்கையானவை. புதனில் ஒரு சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை 176 பூமி நாட்கள். அதாவது புதனின் இரண்டு வருடம். ஒரு பகலும் ஒரு இரவும் முடிவதற்குள் இரண்டு பிறந்தநாள் கொண்டாடிவிடலாம் :-) சூரியனுக்கு மிக அருகில் போகும் நாட்களில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் வானத்தில் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி முன்னால் நகரும். பகலில் 430 டிகிரி செல்சியஸ், இரவில் மைனஸ் 180. நிரந்தர இரவு என்று ஒன்று அங்கே எந்தப் பக்கத்துக்கும் இல்லை, துருவங்களின் பள்ளங்களைத் தவிர.

அப்படியானால் ஸ்கியாபரெல்லியும் அண்டோனியாடியும் வரைந்ததெல்லாம் குப்பையா? அதுதான் இல்லை. பழைய படங்களை எடுத்து 58.65 நாள் கணக்கில் வைத்துப் பார்த்தார்கள். பொருந்தின. பிக் டு மிடியில் 88 நாளை உறுதி செய்தவர்களே 1968-ல் தங்கள் படங்களைப் புதுக் கணக்கில் அடுக்கிப் புது வரைபடம் வெளியிட்டார்கள். கிழவர்களின் கண்ணில் பிழையில்லை. பார்த்த பருவத்திலும், ஒத்துப்போகாத நாட்களை மேகம் என்று ஒதுக்கியதிலும்தான் பிழை.

மூன்றாவது ஏமாற்று வேலை பாக்கி இருக்கிறது. அமெரிக்காவின் மரைனர் 10 விண்கலம் 1973 நவம்பரில் கிளம்பியது. வெள்ளியின் ஈர்ப்பை உந்துதலாகப் பயன்படுத்திப் புதனுக்குப் போகும் திட்டம். ஒரு முறை புதனைக் கடந்துவிட்டால் கதை முடிந்தது என்றுதான் முதலில் நினைத்திருந்தார்கள். 1970-ல் ஒரு கூட்டத்தில் கொலம்போ குறுக்கிட்டார். வெள்ளியைக் கடக்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால், கலம் சூரியனை 176 நாளுக்கு ஒருமுறை சுற்றும்படி ஆகும், ஒவ்வொரு சுற்றிலும் மறுபடி புதனைச் சந்திக்கலாம் என்றார். அதன்படியே 1974 மார்ச், 1974 செப்டம்பர், 1975 மார்ச் என மூன்று சந்திப்புகள் கிடைத்தன. ஒரே டிக்கெட்டில் மூன்று படம்!

ஆனால் அந்த 176 நாளை இன்னொரு முறை பாருங்கள். புதனின் ஒரு முழுப் பகலிரவும் அதே 176 நாள். ஆகவே மரைனர் 10 திரும்பிப் போன ஒவ்வொரு முறையும் புதனின் அதே பாதியில்தான் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மூன்று முறை போயும் கிரகத்தின் சுமார் 45 சதவீதத்தைத்தான் படம் பிடிக்க முடிந்தது. கலோரிஸ் என்ற மாபெரும் பள்ளம் அப்போதுதான் தெரியவந்தது. அதன் ஒரு பாதி மூன்று முறையும் இருட்டுக்குள்ளேயே இருந்தது. இந்த முறை யாரும் ஏமாறவில்லை. இப்படி ஆகும் என்று போகும்போதே தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

மறுபாதியைப் பார்க்க 33 வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2004-ல் கிளம்பிய மெசஞ்சர் விண்கலம் 2008 ஜனவரியில் முதல் முறையாகப் புதனைக் கடந்தபோதுதான் கலோரிஸ் பள்ளம் முழுசாகத் தெரிந்தது. விட்டம் சுமார் 1,550 கிலோமீட்டர். 2011 மார்ச்சில் அது புதனைச் சுற்ற ஆரம்பித்தது. ஒரு நாள், ஒரு பருவம் என்றில்லாமல் நான்கு வருடம் விடாமல் பார்த்தது. துருவப் பள்ளங்களின் நிழலில் உறைபனி இருப்பதை உறுதி செய்தது. எரிபொருள் தீர்ந்து 2015 ஏப்ரல் 30 அன்று புதனிலேயே மோதி முடிந்தது.

2018 அக்டோபரில் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பிய அடுத்த கலத்தின் பெயர் பெபிகொலம்போ. உந்துவிசைப் பகுதியில் கோளாறு வந்ததால் பயணம் கிட்டத்தட்ட ஒரு வருடம் தள்ளிப்போனது. புதிய திட்டப்படி 2026 நவம்பரில்தான் அது புதனின் சுற்றுப்பாதைக்குள் நுழைய வேண்டும். அதற்கு முன்பாகப் புதனை ஆறு முறை கடந்து போயிற்று. கடைசியாகக் கடந்தது 2025 ஜனவரி 8 அன்று, வட துருவத்தின் மேலாக, அந்த நிழல் பள்ளங்களைப் படம் எடுத்துக்கொண்டு.